மீன்கோடு

எண்பத்தேழாம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை, ராஜமதி கிணற்றில் இறங்கித் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தாள். மீன்கோட்டுக்குக் கீழே ஒரு சாண் இறங்கிக் கிடந்தது. முந்தைய இரண்டு நாளும் கொழுந்தன் நேமிராஜின் முறை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"மீன் தண்ணியிலயே கை வெச்சிட்டியே தம்பி" என்றாள். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை.

ஒரு சாண் தண்ணீருக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களுக்கு அந்தக் கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கெடாரிலிருந்து பனமலை போகும் வழியில், தமிழ் ஜைனர்களான நயினார் வீடுகள் பதினைந்து இருபது உள்ள ஒரு சிற்றூர். ஊருக்கு மேற்கே இருந்தது அந்தக் கிணறு. சதுரக் கிணறு, கீழே பாறை வரைக்கும் படிக்கல் உண்டு. வெட்டியவர் ராஜமதியின் மாமனாருக்கு அப்பா. ஜைனர் அல்லவா, வெட்டி முடித்த கையோடு அடியிலிருந்து இரண்டு முழம் உயரத்தில் கல்லில் ஒரு கோடு செதுக்கி வைத்தார். கோட்டுக்கு மேலே உள்ள தண்ணீர் மனிதர்களுக்கு, கீழே உள்ளது கிணற்றிலேயே பிறந்து கிணற்றிலேயே சாகிற மீனுக்கும் ஆமைக்கும் தவளைக்கும். குடிக்கக் குடத்தில் மொண்டுகொள்ளலாம், பயிருக்கு ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. பஞ்சம் வந்த வருஷங்களில்கூட அந்தக் கோட்டை யாரும் தாண்டியதில்லை. அந்தக் குடும்பத்தில் ஒருவனைப் பார்த்து 'கோடு தாண்டினவன்' என்று சொன்னால், அதற்கு மேல் திட்டுவதற்கு வார்த்தை கிடையாது.

அந்தக் கிணறு இப்போது இரண்டு பங்கு. ராஜமதியின் புருஷன் குணபத்திரனுக்குப் பாதி, அவருடைய தம்பி நேமிராஜுக்குப் பாதி. ஆயில் இஞ்சினும் பொதுதான். இரண்டு நாள் அவன் இறைப்பான், இரண்டு நாள் இவர்கள் இறைப்பார்கள். முறை மாறும் காலையில் இஞ்சின் ஹேண்டில் கைமாறும். குணபத்திரன் எண்பதாம் வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. "எங்களோட வந்து இரும்மா" என்று மகளும் மருமகனும் எத்தனையோ தடவை கூப்பிட்டார்கள். மருமகன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காது என்று ராஜமதி போகவில்லை. ஒன்றரைக் காணி நிலத்தை ஆள் வைத்துத் தானே பயிர் செய்தாள்.

ஆறு வருஷம் செய்தாள். முதல் மூன்று வருஷம் ஊரே மெச்சும்படி விளைந்தது. அப்புறம் என்ன கண் பட்டதோ, மேற்குப் பக்கத்துச் சால்கள் குட்டையாக நின்றுவிட்டன. அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். விதை சரியில்லை என்று விதையை மாற்றினாள், எரு போதவில்லை என்று வண்டி வண்டியாக எரு அடித்தாள். எண்பத்தைந்திலும் எண்பத்தாறிலும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை கால்வாசிகூட வரவில்லை. குடும்பத்துப் பெரியவர் அப்பாண்டைநாதன், குணபத்திரனுக்குப் பெரியப்பா முறை, எழுபதைத் தாண்டியவர், ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு முடிவாகச் சொன்னார்.

"இந்த வெள்ளாம ஒண்ணு பாரும்மா. தப்புச்சின்னா நிலம் உன் கையிலயே இருக்கட்டும். தப்பலன்னா நேமிகிட்ட வாரத்துக்கு விட்டுடு. பங்கு உன் ஊட்டுக்கு வந்து சேரும். பொம்பள தனியா எத்தினி நாளைக்குப் போராடுவ?"

நேமிராஜ் பக்கத்தில் நின்றிருந்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கு அந்த நிலத்தின் மேல் ஆசை, அதை அவன் மறைத்ததும் இல்லை. ராஜமதி சம்மதித்தாள். வேறு வழி ஏது?

ஆக அந்தச் சித்திரையில் அவளுக்கு வாழ்வோ சாவோ என்றிருந்தது விஷயம். மல்லாட்டை பூத்து, விழுது மண்ணில் இறங்கி, காய் பிடித்துவிட்டது. இன்னும் இரண்டே தண்ணீர். இரண்டு தண்ணீர் பாய்ந்துவிட்டால் பருப்பு முற்றிவிடும், நிலம் அவளுடையது. பாயாவிட்டால் திண்டிவனம் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் தண்ணீர் கோட்டுக்குக் கீழே போனது.

நேமிராஜுக்கும் தலைபோகிற பாடுதான். அவனுடையது கரும்பு. அது எவ்வளவு குடிக்கும் என்று சொல்லவே வேண்டாம். அன்று காலை ஹேண்டிலைக் கொடுக்க அவன் வந்தபோது ராஜமதி படியேறி வந்து எதிரே நின்றாள்.

"இன்னா தம்பி, கோட்டுக்குக் கீழ ஒரு சாண் எறங்கி இருக்குது?"

"அதத்தான் நானும் கேக்கலாம்னு வந்தேன் அண்ணி. முந்தாநாளு உங்க முறை முடிஞ்சி நான் வந்தப்ப நாலு வெரக்கட கீழ இருந்துச்சி. நீங்களா இருக்கும்னுதான் வாய மூடிக்கினு போனேன். ரெண்டு நாளும் நான் இஞ்சினே போடல."

"நானு கோட்டத் தொடல."

"நானுந்தான் தொடல."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ராத்திரியில் ஊற்று ஊறிக் காலையில் தண்ணீர் ஏற வேண்டும். இங்கே காலையில் இறங்கிக் கிடக்கிறது. இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்லியாக வேண்டும். 'நான் இல்லை' என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் அவன்தான். அவனும் இதே கணக்கைத்தான் போட்டான்.

பேச்சு அன்றோடு நின்றது. அப்புறம் வேவு பார்ப்பதுதான் வேலை. அவன் முறையில் இவள் வரப்பில் களை பிடுங்குவது போல உட்கார்ந்திருப்பாள். இவள் முறையில் அவன் பெண்சாதி அனந்தவல்லி துணி துவைக்கும் சாக்கில் கிணற்றடியிலேயே கிடப்பாள். "அக்கா, இன்னிக்கி வெயிலப் பாத்தீங்களா" என்பாள் அனந்தவல்லி. கண் மட்டும் கோட்டின் மேல் இருக்கும். கோட்டுக்கு மேலே தண்ணீர் வந்தால்தானே இறைக்க முடியும்? இரண்டு பேர் முறையும் இஞ்சின் போடாமலே வீணாகப் போயிற்று. அப்படியும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. ஒரு சாண் ஒன்றரைச் சாணாயிற்று. மல்லாட்டை இலைகள் மத்தியானத்தில் மடங்க ஆரம்பித்தன. சாயங்காலம் விரிந்துகொண்டன, அதுவரைக்கும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

கிணற்றுக்குள்ளே நடந்ததோ அதைவிட மோசம். நாலு ஆள் உயரம் தண்ணீர் நின்ற காலத்தில் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் வாழ்ந்த ஜீவன்கள் எல்லாம் அந்த ஒட்டுத் தண்ணீரில் வந்து குவிந்திருந்தன. கெண்டைகள் முதுகு தெரிய நெருக்கிக்கொண்டு கிடந்தன. குறவை மீன்கள் குஞ்சுகளை விரட்டி விரட்டித் தின்றன. தண்ணீர்ப் பாம்பு ஒன்று கல் இடுக்கிலிருந்து தலையை நீட்டிக்கொண்டே இருந்தது, அதற்குத் தேடிப் போகும் வேலையே இல்லை. எங்கிருந்தோ ஒரு மீன்கொத்தி வந்து படிக்கல்லில் குடியேறிவிட்டது. ஆமை மட்டும் ஒரு மூலையில் அசையாமல் கிடந்தது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவள் தினமும் அடிவரைக்கும் இறங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வீடுகளில் குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். வடிகட்டிய துணியை உதறிப்போட மாட்டார்கள். துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் தண்ணீர் விட்டு அலசி, எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தார்களோ அதே கிணற்றில் விட்டுவிடுவார்கள். அதையும் மேலேயிருந்து ஊற்றக் கூடாது, விழுந்து செத்துப்போகுமாம். சின்னச் சொம்பில் கொண்டுபோய்த் தண்ணீரோடு தண்ணீராக மெல்லச் சேர்க்க வேண்டும். வயசுப் பெண்களெல்லாம் வாளியில் கட்டி இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ராஜமதி இறங்கித்தான் விடுவாள்.

அப்படி ஒரு புதன்கிழமை மத்தியானம் சொம்போடு கடைசிப் படிக்கு இறங்கியவள், மேற்குச் சுவர்ப் பக்கம் நிழல் இருக்கிறதே என்று அங்கே குனிந்தாள். கோட்டுக்குக் கீழே, இதுநாள்வரை தண்ணீருக்குள் இருந்த கல் இடுக்குகளில், சிவப்பாக என்னவோ தொங்கிக்கொண்டிருந்தது. பாசி என்று நினைத்துக் கையை வைத்தாள். பாசி இல்லை, வேர். மயிர் போல மெல்லிய வேர்கள், கொத்துக் கொத்தாகப் பின்னிக்கொண்டு, பாய் மாதிரி சுவரில் படர்ந்திருந்தன. அடி முனைகள் அத்தனையும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. இழுத்துப் பார்த்தாள். அசைந்து கொடுக்கவில்லை.

மேற்கே இருப்பது அவளுடைய தைலமரங்கள்தான்.

புருஷன் போன மறு வருஷம் காட்டிலாகா லாரியில் கன்றுகள் வந்தன. சும்மா கொடுக்கிறார்கள் என்றார்கள், ஐந்தாறு வருஷத்தில் மரம் விலைக்குப் போகும், ஆள் தேவையில்லை, தண்ணீர் தேவையில்லை என்றார்கள். தண்ணீர் தேவையில்லாமல் எது வளரும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு கன்றை மேற்கு வரப்போரம், கிணற்றுக்கு முப்பதடி தள்ளி, தன் கையால் நட்டாள். முதல் கோடையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். அந்த வருஷம் அவளுக்குப் பேச்சுத்துணை அந்தக் கன்றுகள்தான் என்றுகூடச் சொல்லலாம். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. இப்போது பனைமரத்துக்குச் சமமாக நின்றன. அவற்றின் அடியில் புல் முளைப்பதில்லை என்பதை அவள் பார்த்திருந்தாள். பக்கத்துச் சால்கள் குட்டையானதையும் பார்த்திருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. பிள்ளை வளர்த்தவளுக்குப் பிள்ளை மேல் சந்தேகம் வருமா?

சொம்பில் இருந்ததை மெல்லத் தண்ணீரில் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நேமிராஜ் கோடு தாண்டவில்லை. தாண்டியது அவளுடைய மரம். முறையும் இல்லாமல் கோடும் தெரியாமல் இரவும் பகலும் குடித்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னால் என்ன ஆகும்? 'உன் மரம் உன் முறையைக் குடித்துவிட்டது' என்பார்கள். தண்ணீர் போகும், பயிர் போகும், நிலம் போகும். சொல்லாவிட்டால்? வரும் ஞாயிற்றுக்கிழமை பெரியவர் பஞ்சாயத்து வைக்கப்போகிறார். ஊர்ப் பேச்சு முழுக்க நேமிராஜ் பக்கமே கை காட்டிக்கொண்டிருந்தது. கரும்புக்காரன், போதாததற்கு பங்குனிக் கடைசியில் அவன் முறையில் ஒரு நாள் பொழுது சாய்கிற வரைக்கும் இஞ்சின் ஓடியதைக் கெடார்க்காரர்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். தினமும் சொம்போடு கிணற்றில் இறங்குகிற ராஜமதியைச் சந்தேகப்படுவார் யாரும் இல்லை.

அவள் சொல்லவில்லை. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. ஒவ்வொரு நாளும் தனக்குத்தானே ஒரு நியாயம் தேடிக்கொண்டாள். மரமும் ஜீவன்தானே, மீனுக்குப் பங்கு உண்டென்றால் மரத்துக்குக் கிடையாதா? இப்படி ஒன்று. இவன் என் நிலத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலையவில்லையா, கொஞ்சம் அனுபவிக்கட்டுமே? இப்படி ஒன்று. கூலிக்கு வரும் பாஞ்சாலி வெள்ளிக்கிழமை கேட்டாள், "இன்னாம்மா, மூஞ்சே சரியில்ல? ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" ராஜமதி மென்று முழுங்கி, வெயில் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். சூரியன் அடைவதற்குள் சாப்பாட்டை முடிக்க வேண்டியவர்கள், அதனால் வளவளவென்று இழுக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அப்பாண்டைநாதன் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நேமி, ஊர் வாய மூட எனக்கு வேற வழி தெரியல. நீ கோடு தாண்டி எறைக்கலன்னு கோயில் படியில கைய வெச்சி சொல்லிடு. அதோட விட்டுடலாம்."

அந்தக் குடும்பத்தில் ஒருவனைச் சத்தியம் செய்யச் சொன்னது யாருக்கும் நினைவு தெரிந்து கிடையாது. உண்மையையே சொல்லிச் சத்தியம் செய்தாலும் அதற்கப்புறம் அவன் 'சத்தியம் பண்ணினவன்'தான், சாகிற வரைக்கும். அனந்தவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நேமிராஜ் எழுந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது.

"பண்ண மாட்டேன் பெரியப்பா. நாப்பத்தி மூணு வருஷமா இதே ஊர்ல இருக்கேன். என் வாய் வார்த்த போதலன்னா படியில கைய வெச்சி மட்டும் எப்படிப் போதும்? என்ன நம்பலன்னா என் முறைய எடுத்துக்குங்க."

"யோசிச்சி பேசு. இந்தக் கோட முச்சூடும் தண்ணி ராஜமதிக்குப் போயிடும்."

"போவட்டும்."

துண்டில் சுற்றி வைத்திருந்த இஞ்சின் ஹேண்டிலை எடுத்து ராஜமதியின் முன்னால் தரையில் வைத்தான். வைத்த சத்தம் கல் தரையில் ணங்கென்று கேட்டது. "எடுத்துக்குங்க அண்ணி" என்றான். கரும்பு காய்ந்தால் அவனுக்கு அந்த வருஷம் ஒன்றுமே இல்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

ராஜமதி ஹேண்டிலை எடுத்தாள். எடுக்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் எடுத்தாள். கணக்கு அவளுக்குத் தெரியும். நாலு நாளும் அவள் முறையானால், விறகுக்கு என்று சொல்லிக் கிணற்றோரத்து மரம் நாலைந்தைச் சத்தமில்லாமல் தள்ளிவிடலாம். ஊறுகிற தண்ணீர் முழுக்க அவளுக்கு. பயிர் தப்பிவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. மண்டபத்தை விட்டு இறங்கினாள். வாசல் தாண்டி, முச்சந்தி வரைக்கும் நடந்தாள். இரும்பு கையில் கனத்தது. கிணற்றில் குறவை மீன் தன் குஞ்சை விரட்டியது கண்ணுக்குள்ளேயே நின்றது. அதற்காவது தான் என்ன செய்கிறோம் என்று தெரியாது. தனக்குத் தெரியும்.

திரும்பி வந்தாள். கூட்டம் இன்னும் கலையவில்லை.

"மாமா, தம்பி எறைக்கல. என் தைலமரம் குடிக்குது. வேர் கெணத்துக்குள்ள வந்து கோட்டுக்குக் கீழ எறங்கி இருக்குது."

"இன்னாம்மா சொல்ற? நீ பாத்தியா?"

"பாத்தேன். பொதன்கெழமயே பாத்தேன்."

இந்தக் கடைசி வார்த்தையை அவள் சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் ஊரே அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். நேமிராஜ் அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

"பொதன்கெழமயேவா அண்ணி?" என்றான். ஹேண்டிலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். நின்று திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அப்பாண்டைநாதன் தீர்ப்பில் ஈவு இரக்கம் எதுவும் காட்டவில்லை. மரங்கள் வேரோடு போக வேண்டும். தண்ணீர் தானாகக் கோட்டுக்கு மேலே ஏறுகிறவரை அவளுக்கு முறை கிடையாது, அவள் முறையை அவள் மரம் குடித்தாயிற்று. வெள்ளாமையைப் பற்றி முன்னே பேசிய பேச்சில் மாற்றம் இல்லை.

பாஞ்சாலியின் புருஷன் பச்சைமுத்து கோடரியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு நாலு ஆளோடு வந்தான். பச்சை மரத்தில் இரும்பு படுவதைப் பார்க்கக் கூடாது என்று அந்த வீட்டுப் பெண்கள் உள்ளே போய்விடுவது வழக்கம். ராஜமதி போகவில்லை, வெட்டு நடந்த ஆறு நாளும் வெயிலில் நின்று பார்த்தாள். ஊற்றியது தான்தானே, சாகும்போது ஒளிந்துகொள்வதா என்று நினைத்தாள். தைலமரத்தை வெட்டினால் மட்டும் போதாது, கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். கிணற்றுப் பக்கம் ஆள் முழுகும் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து வேரை அறுத்தார்கள். நாலாம் நாள் பச்சைமுத்து அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். கட்டைவிரல் பருமனில் ஒரு வேர், வழியில் எங்கேயும் கிளைக்காமல், நூல் பிடித்த மாதிரி முப்பதடி ஓடிக் கிணற்றுச் சுவருக்குள் புகுந்திருந்தது.

"எத்தினி வருஷமா நடந்துக்கினு வந்திருக்கும் பாருங்கம்மா. இந்தாண்ட அந்தாண்ட திரும்பவே இல்ல."

"தாகமெடுத்தா எதுதான் திரும்பிப் பாக்குது, பச்சமுத்து" என்றாள்.

வேரை அறுத்தபின் மூன்றாம் நாளிலிருந்து ஊற்று ஊறத் தொடங்கியது. கோட்டுக்கு மேலே ஏறப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஏறிய அன்று நேமிராஜின் முறை. அவன் இறைத்தான், அவன் கரும்புக்குப் பாய்ந்தது. முறை என்றால் முறை. ராஜமதியின் முறை வந்தபோது மல்லாட்டை இலைகள் சாயங்காலமும் விரியவில்லை. வைகாசியில் செடியைப் பிடுங்கினார்கள். காய்கள் கொத்தாகத்தான் வந்தன, உடைத்தால் உள்ளே ஒன்றும் இல்லை, தொட்டால் நொறுங்கும் தோல்தான். வரப்பில் உட்கார்ந்து நாற்பது ஐம்பது காயை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தாள். பாஞ்சாலி வந்து கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

ஆடிப் பட்டத்துக்கு நிலம் நேமிராஜிடம் போனது. தயக்கமோ தாட்சண்யமோ அவன் காட்டவில்லை. அவளுக்கு மூன்றில் ஒரு பங்கா இரண்டில் ஒரு பங்கா என்று பெரியவர் முன்னால் கறாராகப் பேசி, மூன்றில் ஒன்றுக்கே முடித்தான். மகள் ஜெயமதி திண்டிவனத்திலிருந்து வந்து, "இப்பவாச்சும் கெளம்பு" என்று அழுதாள். ராஜமதி போகவில்லை. வீட்டில் கேப்பைக் கூழும் மோருமாகக் காலத்தைத் தள்ளினாள். தன் நிலத்தில் இன்னொருத்தன் ஏர் ஓட்டுவதைப் பார்க்காமல் இருக்க, தண்ணீர் எடுக்கப் போகும் வழியைக்கூட மாற்றிக்கொண்டாள். அவனை மனதுக்குள் திட்டாத நாள் கிடையாது. தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவனை நினைத்தால் வாய் அடைத்துக்கொள்ளும், அதுவே பெரிய வேதனை.

மறு வருஷமும் மழை பொய்த்தது. எண்பத்தெட்டு சித்திரையில் கிணறு பழையபடி கீழே போயிற்று. இப்போது நாலு நாளும் நேமிராஜின் முறைதான். வேவு பார்க்க ஆள் இல்லை, தட்டிக் கேட்க ஆள் இல்லை, கோட்டைப் பற்றிப் பேசுவாரே ஊரில் இல்லை. ஒரு நாள் காலை, வழக்கத்துக்கு முன்னதாகவே ராஜமதி குடத்தோடு போனாள். பூவரசு மரத்து மறைவில் வரும்போதே இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. அவன் போன பிறகு இறங்கலாம் என்று அங்கேயே நின்றாள்.

அவன் கிணற்று விளிம்பில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அவளை அவன் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் கரும்பு. கடைக்கோடியில் மூன்று பாத்திகள் வெடித்துக் கிடந்தன, தோகை காய்ந்து வெளுத்திருந்தது. தண்ணீர் அந்தப் பாத்திகளின் மடைவாய்க்கு வர இன்னும் பத்தடிதான் இருக்கும். வாய்க்காலில் அதன் நுனி மெல்ல ஊர்ந்து வருவது அவளுக்கே தெரிந்தது. இன்னும் கால்மணி நேரம் ஓடினால் மூன்றும் நனைந்துவிடும்.

நேமிராஜ் எழுந்தான். வாய்க்காலை ஒரு தடவை பார்த்தான், கிணற்றுக்குள் ஒரு தடவை பார்த்தான். போய் இஞ்சினை நிறுத்தினான்.

சத்தம் அடங்கியதும் கிணற்றுக்குள் மீன்கள் துள்ளுவது கேட்டது. வாய்க்காலில் வந்த தண்ணீர் பத்தடி தள்ளியே மண்ணில் சுவறிப்போயிற்று. ராஜமதி தன்னை அறியாமல் மறைவிலிருந்து வெளியே வந்துவிட்டாள். வருஷம் ஒன்றாயிற்று இருவரும் பேசி.

"கடைசி மூணு பாத்தி காயுதே தம்பி" என்றாள்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். ஆச்சரியமோ கோபமோ முகத்தில் இல்லை.

"கோட்டுக்கு வந்துடுச்சே அண்ணி" என்றான்.

இஞ்சின் ஹேண்டிலைத் துண்டால் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். திருடனாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக அவனைத் திட்டிக்கொண்டு மிச்ச நாளைக் கழித்திருக்கலாம். ராஜமதி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, அந்தக் காய்ந்த பாத்திகளைப் பார்த்து அழுதாள்.